கடலும் கரும்பலகையும்

கையால் உழைப்பவன் வேறு, கருத்தால் உழைப்பவன் வேறு என்று மனிதரைக் கூறுபோட்ட சமுதாய அமைப்பின் முத்திரை நமது பாடசாலைகளில் இன்னும் அழியவில்லை. 1945ஆம் ஆண்டிற் கிடைத்த இலவசக் கல்வி, ஏழையின் பிள்ளைக்கும் பள்ளிக்கூடத்துப் படலையைத் திறந்துவிட்டது. அது சாமானியமான வெற்றியன்று. ஆயினும் அப்படலையூடாக உள்ளே வந்த பிள்ளை, தந்தையின் தொழிலையும் தாயின் பேச்சையும் வெளியே கழற்றி வைத்துவிட்டே வரவேண்டியிருந்தது. வயலைப் பற்றிய அறிவும் கடலைப் பற்றிய அறிவும் 'தொழில்' என்ற பெயரோடு ஒதுக்கப்பட்டன. அச்சிலே வந்ததற்கு மட்டுமே 'கல்வி' என்ற பட்டம் கிடைத்தது. இப்பிரிவினை எத்துணை செயற்கையானது என்பதையும், அதனை உடைப்பதற்குச் சிறியதொரு பாடசாலையிலேனும் என்ன செய்யலாம் என்பதையும் என் அநுபவத்தின் துணைகொண்டு இங்கே கூற விரும்புகிறேன்.

நான் வலிகாமத்துத் தோட்டக் கிராமம் ஒன்றிற் பிறந்தவன். பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்று, ஆசிரிய நியமனம் பெற்று, யாழ்ப்பாணக் கடனீரேரியின் கரையிலுள்ள பாடசாலை ஒன்றிற் கடந்த எட்டு ஆண்டுகளாகப் படிப்பித்து வருகிறேன். கடனீரேரி என்பது புவியியற் புத்தகத்தின் சொல். எங்கள் மாணவரின் வீடுகளில் அதனைப் பரவைக்கடல் என்பார்கள். பாடசாலையின் பின்மதிலோரம் நின்று பார்த்தால், ஆழமில்லாத அந்நீரிற் சிறகுவலைக் கம்புகள் வரிசை வரிசையாக நிற்பது தெரியும். காற்று மாறினாற் கருவாட்டு மணம் வகுப்பறைக்குள்ளே வரும். ஆனால் அந்தக் கடல் எங்கள் நேரசூசியில் இருக்கவில்லை. ஆய்வுகூடச் சுவரிலே தொங்கிய கடல்வாழ் உயிரினப் படத்திற் பவளப்பாறையும் நீலத்திமிங்கிலமும் இருந்தன. எங்கள் பிள்ளைகளின் பெற்றோர் நாள்தோறும் கையிலெடுக்கும் ஒட்டியும் ஓராவும் திரளியும் மட்டியும் இருக்கவில்லை.

நான் சொல்லப்போகும் முயற்சி விஞ்ஞான வகுப்பிலன்றித் தமிழ் வகுப்பிலேயே முளைவிட்டது. உயர்தர மாணவருக்கு நெய்தற்றிணையைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். உரிப்பொருள் இரங்கல், சிறுபொழுது எற்பாடு, தொழில் மீன் பிடித்தலும் உப்பு விளைத்தலும் என்று கரும்பலகையில் எழுதி, பழம்பாடல்களிலே அலவன் என்று வருவது நண்டு எனப் பொருள் கூறினேன். மாணவி ஒருத்தி எழுந்து, “எந்த நண்டு சேர்?” என்று கேட்டாள். வகுப்புச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. “மணலிலை ஓடித் திரியிறதெண்டால் அது வளை தோண்டுற நண்டு. வலையிலை படுற நண்டு அப்பிடி ஓடாது. ரெண்டும் வேறை சேர்” என்றாள். நீலக்கால் நண்டு, முக்கண் நண்டு, சிலுவை நண்டு, சேற்று நண்டு என்று அவளும் அவளோடு சேர்ந்து வேறு சிலரும் பெயர்களை அடுக்கத் தொடங்கினர். ஒவ்வொன்றும் எங்கே வாழும், எந்தக் காலத்தில் எந்த வலையில் வரும் என்பதையும் அவர்களே சொன்னார்கள். நான் படித்த உரைகளில் எவரும் இக்கேள்வியை எழுப்பக் காணேன். உரைகளை எழுதியவரிற் பெரும்பாலோர் நண்டை ஏட்டிலே கண்டவர். கேள்வி கேட்டவளோ விடியற்காலையில் தாயோடிருந்து வலையில் நண்டு கழற்றிவிட்டு வகுப்புக்கு வந்தவள். இலக்கியத்தை விளங்கிக்கொள்வதற்கு வேண்டிய அறிவு, இலக்கியம் கற்பிக்கும் கட்டிடத்துக்கு வெளியேயும் கிடக்கிறது என்பது அன்று எனக்குத் தெளிவாயிற்று.

இது நிகழ்ந்தது 2022ஆம் ஆண்டு. நாட்டின் பொருளாதாரம் நொறுங்கி, மண்ணெண்ணெய்க்காகக் கடற்றொழிலாளர் நாட்கணக்கில் வரிசையிற் காத்து நின்ற காலம். வள்ளங்கள் கரையிலே கிடந்தன. கல்விச் சுற்றுலா என்று பேருந்து அமர்த்திப் பிள்ளைகளை எங்கேனும் அழைத்துச் செல்வதை நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. கடலுக்குப் போவதற்கோ பேருந்தும் வேண்டாம், எரிபொருளும் வேண்டாம். பின்படலையைத் திறந்தாற் போதும். விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரும் நானும் சேர்ந்து, தரம் 9, 10 மாணவரை மாதமிருமுறை கடலுக்குக் கூட்டிச் செல்லத் திட்டமிட்டோம். அநுமதி கேட்டபோது மேலிடத்து அலுவலர் ஒருவர், “கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டுவதற்கு ஒரு செயற்றிட்டமா?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்குள்ளே எங்கள் கல்வித் தத்துவம் முழுவதும் அடங்கியிருந்தது. அவர்களுக்குத் தெரிந்திருப்பதாற் கற்பிக்கத் தேவையில்லை என்பார்கள். பரீட்சைத் தாளிலோ அவர்களுக்குத் தெரிந்த எதுவும் கேட்கப்படமாட்டாது.

எங்களிடமிருந்த கருவிகள் சொற்பம்: அடுக்களையிலிருந்து கொண்டுவந்த வெள்ளை எனாமல் சட்டிகள் நான்கு, உருப்பெருக்கிக் கண்ணாடிகள் இரண்டு, ஒரு தராசு, ஒரு மீற்றர் நீளமும் ஒரு மீற்றர் அகலமுமாகக் கட்டிய கயிற்றுச் சதுரங்கள், ஆளுக்கொரு கொப்பி. நீர் எப்பொழுது வற்றும் என்பதை மாணவன் ஒருவனின் பேரனார் நிலவையும் காற்றையும் பார்த்துச் சொல்வார். சோளகத்தில் ஒரு கணக்கு, வாடையில் வேறொரு கணக்கு. ஒழுங்குகள் சில வகுத்தோம். கல்லைப் புரட்டினால் முன்னிருந்தபடியே திருப்பி வைக்கவேண்டும். உயிருள்ள எதனையும் ஈரக் கையாலேயே தொடவேண்டும். சட்டியில் எடுத்ததைப் பத்து நிமிடத்துக்குள் எடுத்த இடத்திலேயே விடவேண்டும். காலைத் தூக்கி வைக்காமல் மணலை உராய்ந்தபடி நடக்கவேண்டும். மணலுக்குள்ளே புதைந்து கிடக்கும் திருக்கை அவ்வுராய்வை உணர்ந்து விலகிவிடும். மிதித்தாலோ வாலிலுள்ள முள்ளாற் குத்தும். இந்தக் கடைசி ஒழுங்கை எங்களுக்குக் கற்பித்தவர்கள் மாணவர்களே.

முதற்பாடம் சாதாளை. கரையிலே ஒதுங்கி அழுகும் வெறும் குப்பை என்றே தோட்டக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகள் அதனைக் கருதியிருந்தனர். பாசி என்று சொன்னவர்களும் உண்டு. கயிற்றுச் சதுரத்தை நீருக்கடியில் வைத்து, அதற்குள்ளே என்னென்ன இருக்கின்றன என்று எண்ணும்படி சொன்னோம். ஒரு தண்டை மெதுவாகக் கிளறிப் பார்த்தபோது வேரும் மண்ணுக்குள்ளே ஓடும் தண்டும் தெரிந்தன. பாசிக்கு உண்மையான வேரில்லை, பூவுமில்லை. இதுவோ வேரூன்றி, நீருக்குள்ளேயே பூத்துக் காய்த்து வித்திடும் புல். தரையிலே தோன்றிய தாவர இனமொன்று கடலுக்குள்ளே மீண்டும் குடியேறியதன் வழிவந்தது. அச்சதுரத்துக்குள் இறாற் குஞ்சுகளும், விரல் நகத்தளவு மீன்களும், சங்குக் கூட்டைச் சுமந்து திரியும் துறவி நண்டுகளும் இருந்தன. ஒருநாள் கடற்குதிரை ஒன்றும் இருந்தது. அவ்வினத்திலே குஞ்சுகளை வயிற்றுப் பையிற் சுமப்பது ஆண் என்று ஆசிரியை கூறியதும் மாணவிகளிடையே எழுந்த ஆரவாரத்தை அடக்கச் சிறிது நேரம் பிடித்தது.

அன்று மாணவருக்கு நான் இன்னொன்றையும் சொன்னேன். எங்கள் ஊர்த் தோட்டங்களுக்குப் பசளையாக வண்டி வண்டியாகச் சாதாளை வந்து இறங்கியதை என் பாட்டனார் கதைகதையாகச் சொல்லியிருக்கிறார். கடற்கரையிலே அதனை அள்ளியவர்கள் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர அநுமதிக்கப்படவில்லை என்பதையும் அவர் சொல்லியிருக்கிறார். கடலின் புல் தோட்டத்துப் பயிரை வளர்த்தது. அதனைச் சுமந்து வந்த மனிதன் வேலிக்கு வெளியே நின்றான். உயிரினங்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழும் முறையைக் கற்பிக்கும் பாடத்திலே மனிதர் மனிதரைச் சார்ந்து வாழ்ந்துகொண்டே இழிவுபடுத்திய முறையையும் சேர்த்துக் கற்பிக்காவிட்டால், அப்பாடம் பாதிப் பாடமே.

அவ்வகுப்பிலே பின்வாங்கில் அமரும் மாணவன் ஒருவன் இருந்தான். வாசிப்பதில் மிகவும் பின்தங்கியவன். பெயரைக் கூப்பிட்டாலும் தலைநிமிராதவன். அவன் மீது மீன் மணக்கிறது என்று பக்கத்தில் இருக்க மறுத்தவர்களும் இருந்தனர். கடலுக்குள் இறங்கிய இரண்டாம் நாளில் அவன் குனிந்து மணலைத் துழாவி, கைநிறையக் கடலட்டை ஒன்றை எடுத்தான். பயந்து விலகியவர்களை அழைத்து, அது வாயால் மணலை விழுங்கிப் பின்புறத்தாற் கழிப்பதைக் காட்டினான். “இது கிடக்கிற இடத்திலை நிலம் பழுதாகாது” என்றான். மணலோடு கலந்து கிடக்கும் அழுகல்களை உண்டு, மணலைப் புரட்டித் தூய்மைப்படுத்தும் உயிரி அது என்பதே நூல்கள் கூறுவதும். கடலின் மண்புழு என்று அதனைச் சொல்லலாம். அது பகலில் எப்பொழுது புதையும், எப்பொழுது மேலே வரும் என்பதையும் அவன் விளக்கினான். ஆசிரியை குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். மாணவர் முப்பது பேரும் அவனைச் சுற்றி நின்றனர். மணத்தைக் காரணங்காட்டி விலகியவர்களின் கைகளிலும் இப்பொழுது அதே மணம் இருந்தது.

நாங்கள் எழுதிவந்த கொப்பியைப் பற்றியும் கூறவேண்டும். ஒவ்வொரு உயிரினத்துக்கும் ஒரு பக்கம். ஊர்ப்பெயர், புத்தகப் பெயர், வாழுமிடம், உணவு, இனம்பெருக்கும் காலம் என்பவற்றோடு, பிடிப்பவர் யார், எந்தக் கருவியாற் பிடிக்கிறார், கரையில் என்ன விலை, வாங்குபவர் யார், அவர் எங்கே விற்கிறார் என்னும் கேள்விகளும் அப்பக்கத்தில் உண்டு. விலங்கியலையும் பொருளியலையும் ஒரே பக்கத்தில் எழுதுவது விஞ்ஞான முறையாகுமா என்று கேட்டவர்கள் உளர். கடலட்டையின் பக்கத்தை நிரப்பியபோது விடை தானாகவே கிடைத்தது. நம்மூரில் எவரும் அதனை உண்பதில்லை. அவித்து உலர்த்தப்பட்டு ஹொங்கொங், சிங்கப்பூர், சீனா என்று போகிறது. அதன் விலை உயர்ந்ததனால் இயற்கையாகக் கிடைத்தது அருகியது. அருகியதனால் ஆழமற்ற கடலை வலைகளால் வேலியடைத்து அட்டை வளர்க்கும் பண்ணைகள் பெருகின. பூநகரிப் பகுதியின் கிராஞ்சியில், தங்கள் தொழிலிடத்தைப் பண்ணைகள் விழுங்குகின்றன என்று சிறுதொழிலாளர் 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடர் போராட்டம் நடத்தினர். மணலை விழுங்கும் ஓர் எளிய உயிரியின் கதையைச் சந்தையின் கதையில்லாமற் சொல்லி முடிக்க இயலாது.

அறிவுக்கும் அதிகாரத்துக்குமிடையேயுள்ள உறவு இந்தக் கடற்பரப்புக்குப் புதியதன்று. மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிகளை ஆராய்வதற்காக, லிவர்ப்பூல் நகரப் பேராசிரியர் ஹேர்ட்மனைக் குடியேற்ற அரசு 1902ஆம் ஆண்டில் வரவழைத்தது. அவரது அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக இலண்டனில் வெளியாயிற்று. நமது கடலின் உயிரினங்களைப் பற்றிய மாபெரும் விஞ்ஞானப் பதிவுகளுள் அது ஒன்று. அதன் பெறுமதியை நான் குறைத்துக் கூறவில்லை. ஆனால் அரசு தேடியது வருமானத்தை. மூச்சடக்கிக் கடலடிக்குச் சென்ற சுழியோடிகளுக்கு, எடுத்த சிப்பிகளில் மூன்றிலொரு பங்கு. மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. 1905ஆம் ஆண்டில் மரிச்சுக்கட்டியிற் பெருங்குளிப்பு நடந்தது. அடுத்த ஆண்டில் முத்துப்பார்கள் இலண்டன் கம்பனி ஒன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகையாக விடப்பட்டன. 1907ஆம் ஆண்டுக் குளிப்போடு பார்கள் வெறுமையாகிக் கம்பனியும் நொடித்தது. இவ்வரலாற்றை மாணவர் கடற்கரையிலிருந்தபடி கேட்டார்கள். பின்வாங்கு மாணவன், “சுழியோடினவையின்ரை பேர் அந்தப் புத்தகத்திலை இருக்கோ சேர்?” என்று கேட்டான். முகப்பிலே நிற்பது பேராசிரியரின் பெயர் என்றேன். எங்கள் கொப்பியிலே செய்தி சொன்னவரின் பெயரையும் எழுதவேண்டும் என்று அன்றே மாணவர் முடிவுசெய்தனர். அதன் பின்னர் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், சொன்னவர் இன்னார் என்று ஒரு வரி இருக்கும்.

இனி, எங்களைப் பெரிதும் சோதித்த பாடத்துக்கு வருகிறேன். அது நீலக்கால் நண்டு. ஆண் நண்டின் வயிற்று மடல் ஒடுங்கிக் கூராயிருக்கும். முதிர்ந்த பெண் நண்டினுடையது அகன்று வளைந்திருக்கும். பெண் நண்டு இலட்சக்கணக்கான முட்டைகளை அம்மடலின் கீழே பஞ்சுப்பொதி போலச் சுமந்து திரியும். புதிதாக இட்ட முட்டை செம்மஞ்சள். பொரிக்கும் நாள் நெருங்க நெருங்கக் கபிலமாகிக் கருஞ்சாம்பலாகும். இவற்றையெல்லாம் கையிலே வைத்துக் கற்ற பின்னர், மாணவர் சிலர் வலை கழற்றும் கொட்டிலுக்குச் சென்று, முட்டை நண்டுகளைத் திரும்பக் கடலில் விடும்படி தங்கள் தாய்மாரிடமே கேட்டனர். தாய் ஒருத்தி சிரித்தாள், இன்னொருத்தி ஏசினாள். “விடலாம் மோனை. அந்த நண்டின்ரை காசை ஆர் தாறது? உங்கடை சேரோ?” என்று கேட்டாள் மூன்றாமவள். பிள்ளைகள் முகம் வாடி என்னிடம் வந்தனர்.

நூலறிவு தொழிலாளியிடம் வந்து, 'நீ செய்வது பிழை' என்று சொல்லும் நிலை இது. அந்நிலையில் அவ்வறிவை நிறுத்திவிட எனக்கு விருப்பமில்லை. தாய்லாந்தின் கரையோரக் கிராமங்கள் பலவற்றில் 'நண்டு வங்கி' என்றொரு முறை உண்டு. வலையிற் பட்ட முட்டை நண்டைக் கூட்டிலோ தொட்டியிலோ வைத்திருந்து, முட்டை பொரித்த பிறகு நண்டை விற்பார்கள். இதனை ஆசிரியை சொன்னதும் மாணவர் ஒரு கம்பிக்கூடு செய்தனர். மேற்சொன்ன மூன்றாமவளே, கருமுட்டை நண்டுகள் மூன்றை இரவல் தந்தாள். கூட்டை ஆழமில்லாத நீரிற் கட்டி வைத்துக் காவல் இருந்தார்கள். மூன்றாம் நாட் காலையில் இரண்டு நண்டுகளின் மடல்கள் வெறுமையாயிருந்தன. அள்ளியெடுத்த நீரை உருப்பெருக்கியின் கீழே பார்த்தபோது தூசு போன்ற சில துணுக்குகள் துள்ளின. நண்டின் உருவமே இல்லாத நண்டுக் குஞ்சுகள் அவை.

நண்டுகளை உரியவளிடம் திருப்பிக் கொடுத்தோம். அவள் தராசில் இட்டுப் பார்த்து, முட்டை போனதனால் நிறை குறைந்துவிட்டது என்றாள். அது உண்மை. மாணவர் முன்னரே நிறுத்து எழுதியிருந்தார்கள். அவள் கோபிக்கவில்லை. கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னாள்: “நண்டு மூண்டு நாள் பொறுக்கும் சேர். கடன்காரன் பொறுப்பானோ?”

வலை வாங்கவும் இயந்திரம் திருத்தவும் அவர்கள் பெற்ற முற்பணம், பிடிக்கும் நண்டையெல்லாம் ஒரே வியாபாரிக்கு அன்றன்றே கொடுக்கும்படி கட்டிப் போட்டிருக்கிறது. முட்டை நண்டைக் காப்பாற்றத் தெரியாமல் அவள் அதனை விற்கவில்லை. அவளுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். அவளிடமில்லாதது மூன்று நாட்கள்தாம். அந்த மூன்று நாட்களை அவளுக்குப் பெற்றுக்கொடுக்கக்கூடியது கூட்டுறவுச் சங்கமும் நியாயமான கடனுமேயன்றி நல்லுபதேசம் அன்று. ஒன்பதாந்தர மாணவி ஒருத்தி நண்டின் பக்கத்தில், 'எதிரிகள்' என்ற தலைப்பின் கீழ்த் திருக்கை, கணவாய் என்று எழுதி, மூன்றாவதாகக் 'கடன்' என்று எழுதியிருந்தாள். விஞ்ஞான ஆசிரியை அதனை வெட்டவில்லை.

எதிர்ப்பும் வந்தது. அது வந்த திசையை இங்கே மறைக்க நான் விரும்பவில்லை. பின்வாங்கு மாணவனின் தந்தை ஒருநாள் மாலை பாடசாலைக்கு வந்தார். “சேர், குறை நினையாதேங்கோ. நான் படியாததாலை கடலுக்குப் போறன். இவன் கடலுக்குப் போகாமலிருக்கத்தான் பள்ளிக்கூடம் விடுறன். நீங்கள் இவனைத் திருப்பிக் கடலுக்குள்ளை இறக்கிறியள்” என்றார். அவர் கூற்றிலுள்ள நியாயத்தை மறுப்பதற்கில்லை. போர்க்காலத்தில் விதிக்கப்பட்ட கடற்றடைகளால் ஆண்டுக்கணக்கில் தொழிலிழந்தவர் அவர். போர் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் கடலுக்குத் திரும்பியபோது, வலையை இரவோடிரவாக அறுத்துச் செல்லும் இழுவைப்படகுகளைக் கண்டவர். மாலையானதும் மோட்டார் சைக்கிளில் ஏறித் தோட்டக் கிராமத்துக்குப் போகும் ஆசிரியனுக்குக் கடல் அழகிய பாடசாலை. நள்ளிரவில் நனைந்த சாரத்தோடு வலையிழுப்பவருக்கு அது வேறு. உழைப்பை மதிப்பது ஒன்று. உழைப்பவனை அவ்வுழைப்புக்குள்ளேயே கட்டி வைப்பது இன்னொன்று. முன்னையது முற்போக்கு. பின்னையது, அழகிய சொற்கள் போர்த்திய பழைய சாதிமுறை.

அவரிடம் நான் நீண்ட விளக்கம் எதுவும் சொல்லவில்லை. மகனின் கொப்பியை எடுத்துக் கொடுத்தேன். ஒரு வசனத்தைப் பிழையின்றி எழுத இயலாதிருந்த பிள்ளை, கடலட்டையைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தான். எழுத்துப் பிழைகள் மலிந்திருந்தன. கருத்துப் பிழை ஒன்றேனும் இருக்கவில்லை. தந்தை நெடுநேரம் பக்கங்களைப் பார்த்தார். அவர் வாசித்தாரோ, எழுத்தை மட்டும் பார்த்தாரோ தெரியாது. மூன்றாம் பக்கத்தின் அடியில், 'சொன்னவர்: அப்பா' என்றிருந்தது. “கணக்கு ரியூசன் நாளிலை மட்டும் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ” என்று சொல்லிவிட்டு எழுந்தார். அந்நிபந்தனையை இன்றுவரை காப்பாற்றி வருகிறோம்.

கடல் வளத்தைப் பாதுகாப்போம் என்ற வாசகம் இப்பொழுது எங்கும் கேட்கிறது. ஆண்டுக்கொரு நாள் ஒரே நிறச் சட்டையணிந்து வந்து குப்பை பொறுக்கிப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். குப்பை பொறுக்குவது தீதன்று. நாங்களும் கயிற்றுச் சதுரத்துக்குள் அகப்பட்ட நைலோன் வலைத் துண்டுகளையும் தயிர்க் கோப்பைகளையும் எண்ணி எழுதுகிறோம். ஆனால் எண்ணியவுடன், இது எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். 2021ஆம் ஆண்டு கொழும்புக்கு அப்பால் 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' என்னும் சரக்குக் கப்பல் எரிந்து மூழ்கியபோது ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகளும் அதிலிருந்தன. மேற்குக் கரையோரம் அம்மணிகளால் மூடுண்டது. அது கடற்கரைச் சிறுவன் எறிந்த குப்பையன்று.

இழுவைப்படகு விடயமும் இத்தகையதே. கடலடியை வாரியிழுக்கும் மடி சாதாளையை வேரோடு பிடுங்குகிறது. சாதாளை அழிந்தால் இறாற் குஞ்சும் மீன் குஞ்சும் ஒதுங்க இடமில்லை. அதனையே மேய்ந்து வாழும் கடற்பன்றிக்கு உணவில்லை. கடற்பன்றி ஓராண்டுக்கு மேலாகக் கருச்சுமந்து ஒரேயொரு கன்றை ஈனும். அடுத்த கன்றுக்கு இடையிற் சில ஆண்டுகள் செல்லும். அழிந்தது மீளுவது எளிதன்று. இலங்கை 2017ஆம் ஆண்டில் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தினால் தடைசெய்தது. ஆயினும் தமிழ்நாட்டின் இழுவைப்படகுகள் பாக்குநீரிணையைத் தாண்டி வருகின்றன. அப்படகுகளில் வருவோரும் பிறர் படகிற் பங்குக்கும் கூலிக்கும் உழைக்கும் தமிழரே. உரிமையாளர் பலர் கரையிலே இருக்கிறார்கள். இரு கரையின் ஏழைகளையும் கடல் நடுவே மோதவிட்டு இலாபம் கரையேறுகிறது. இனப்பாசத்தை மட்டும் பேசி இவ்வுண்மையை மூடுவதும் தவறு. பகையை மட்டும் பேசி மூடுவதும் தவறு. ஒரு சதுர மீற்றர் புல்லைக் கையாலே தொட்டு எண்ணிய பிள்ளைக்கு, அப்புல் பிடுங்கப்படுவதென்றால் என்ன என்பதை மேடையேறி விளக்கவேண்டியதில்லை.

இம்முயற்சியாற் பரீட்சைப் பெறுபேறுகள் உயர்ந்தனவா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. சிலருக்கு உயர்ந்தன, சிலருக்கு இல்லை. பின்வாங்கு மாணவன் கணிதத்தில் இன்னும் இடர்ப்படுகிறான். ஆனால் இப்பொழுது அவன் முன்வாங்கில் இருக்கிறான். பக்கத்தில் இருப்பதற்கு எவரும் மறுப்பதில்லை. இவ்வளவையும் கணக்கிட எமது பரீட்சைத் தாளில் ஒரு கேள்வியும் இல்லை என்றால் குறை அப்பிள்ளையிடம் இல்லை.

நமது கரையோரப் பாடசாலைகள் நூற்றுக்கணக்கானவை. அவற்றிற் படிப்பிக்கும் ஆசிரிய நண்பர்களுக்கும், நாளை ஆசிரியராகப்போகும் மாணவருக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் சிறியது. கடற்றொழிலாளரைப் பாடசாலைக்கு அழையுங்கள். விருந்தினராகவன்றி ஆசிரியராக அழையுங்கள். ஒருநாட் தொழிலை இழந்து வருபவருக்கு அந்நாட் கூலியைக் கொடுக்க வழி தேடுங்கள். பிள்ளைகள் கண்டதை அவர்கள் வீட்டுச் சொல்லிலேயே எழுத விடுங்கள். எழுதியதன் கீழே சொன்னவரின் பெயரையும் எழுதச் செய்யுங்கள். கடலிலே கற்றதற்கு மதிப்பெண் வழங்கும்படி ஆசிரிய சங்கங்களின் வாயிலாகக் குரலெழுப்புங்கள். எங்கள் கொப்பியில் இதுவரை நாற்பத்தொரு உயிரினங்களுக்குப் பக்கங்கள் உண்டு. சொன்னவர்களின் பெயர்கள் நூற்றுக்கும் அதிகம். அவற்றில் ஏறத்தாழப் பாதி பெண்களின் பெயர்கள். இவர்களுள் எவரும் எந்நூலின் முகப்பிலும் இதுவரை இடம் பெற்றவரல்லர்.